பத்தியம் எவருக்கு?

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் பெயரில் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய அதனுள் ஒரு மூலிகையின் பெயரோ ஒரு சூரணத்தின் செய்முறையோ காணப்படவில்லை. பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பவனுக்குப் பிறிதொரு மருந்து வேண்டுவதில்லை என்பதே அவற்றின் சாரம். இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், இன்று நீரிழிவு நோயின் முன் எதை உண்பது, எதை விடுப்பது என்று அறியாது திகைத்து நிற்கின்றோம்.

இத்திகைப்பு சிலருக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடத்தப்பெற்று 2023இல் வெளியான பேராய்வு, 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்திய நிலையிலும் வாழ்ந்ததாக மதிப்பிட்டது. இவருள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை நோயினர். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காமையும், நாளடைவில் அச்சுரப்பே குறைந்து போதலும் இவ்வகையின் இயல்பு. எனவே உண்ட மாச்சத்து சர்க்கரையாகிக் குருதியிலேயே தேங்குகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை ஓசையின்றி அரிக்கிறது.

நோய் உறுதியான அன்றே உறவினர் ஆளுக்கொரு திட்டத்துடன் வந்துவிடுவர். சோற்றைக் கண்ணாலும் பார்க்கலாகாது என்பார் ஒருவர். சிறுதானியம் உண்டால் நோயே ஓடிவிடும் என்பார் மற்றொருவர். இறைச்சியை நீக்குக என்று ஒரு குரலும், இறைச்சியை மட்டுமே உண்க என்று அதற்கு எதிர்க்குரலும் எழும். இவற்றுள் எதனைத் தேர்வது?

மருத்துவ வரலாறே இவ்வினாவுக்குப் பல விடைகளைத் தந்துள்ளது. 1921இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன்னர், அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் பட்டினியையொத்த உணவையே சிகிச்சையாகக் கொண்டார். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன், நார்ச்சத்து மிகுந்த மாச்சத்துணவை நம் மக்களுக்கு ஏற்றதெனப் பரிந்துரைத்தார். பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் தரும் பானங்களைச் சில மாதங்கள் மருத்துவர் கண்காணிப்பில் உட்கொண்டு, பின் மெல்ல இயல்புணவுக்குத் திரும்பியவருள் ஏறத்தாழப் பாதிப்பேர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோயின் எல்லைக்குக் கீழ் வந்தனர். இரண்டாம் ஆண்டு முடிவில் அவ்வாறு நிலைத்தோர் மூவரில் ஒருவர் அளவினரே. எடை மீண்டும் ஏறியவருக்கு நோயும் மீண்டது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, எல்லார்க்கும் பொருந்தும் ஒரே உணவுமுறை என ஒன்றில்லை என்று தெளிவுபடுத்தியது. ஆயினும் நற்பயன் தரும் முறைகள் அனைத்திலும் மூன்று பொதுக்கூறுகள் இருப்பதை அது எடுத்துக்காட்டியது. மாவுப்பொருள் குறைந்த காய்கறிகளை மிகுத்தல், சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைத்தல், ஆலையில் பதப்படுத்திய உணவை விட்டு இயற்கை வடிவிலான உணவைக் கொள்ளுதல் என்பன அவை. ஆகவே, திட்டத்தின் பெயர் இரண்டாம் நிலையினது. அதை எத்தனை ஆண்டுகள் கடைப்பிடிக்க இயலும் என்பதே முதல்நிலையினது என்பது எம் கருத்து.

இக்கருத்தின் அடிப்படையில், ஓர் உணவுமுறையை ஏற்குமுன் நான்கு வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நலம். நம் வீட்டு அடுப்பில், நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு அதைச் சமைக்க இயலுமா? நம் வருவாய்க்குள் அடங்குமா? நாம் உண்ணும் மருந்துக்கும் நம் சிறுநீரகத்தின் நிலைக்கும் அது ஒத்துவருமா? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனையில் அதன் பயன் தெரிகிறதா? நான்குக்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்குமாயின், அம்முறை எப்பெயர் பெற்றிருப்பினும் நமக்குரியதே.

நம் தட்டை நோக்குவோம். நூறு கிராம் வெண்சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து உண்டு. மலைபோல் சோறு, குளம்போல் குழம்பு, நகக்கண் அளவு காய் என்பதே நம்மிற் பலருடைய மதிய உணவு. 21 நாடுகளில் நிகழ்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளரிசிச் சோற்றை மிகுதியாக உண்போரிடையே நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு கூடுவதையும், அத்தொடர்பு தெற்காசியரிடம் மிக வலுவாக இருப்பதையும் கண்டது. இதற்காகச் சோற்றைப் பகையாகக் கருத வேண்டுவதில்லை. அதன் இடத்தைச் சுருக்கினால் போதும். தட்டின் பாதியில் கீரையும் காயும், கால்பங்கில் பருப்போ மீனோ முட்டையோ கொழுப்பு நீக்கிய இறைச்சியோ, எஞ்சிய கால்பங்கில் சோறு என அமைப்பது எவருக்கும் எளிது. காயையும் கறியையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்டால், உணவுக்குப்பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதும் ஆய்வுகள் காட்டிய உண்மை.

‘நம் பாட்டனார் மூன்று வேளையும் சோறுண்டு நலமாக வாழவில்லையா?’ என்று வினவுவோர் உளர். வாழ்ந்தனர், ஆனால் அவர் உண்டது கைக்குத்தல் அரிசி, உண்டபின் ஏர் பிடித்தார், வலை இழுத்தார், காத வழி நடந்தார். அவருடைய சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டோம்.

‘சத்துணவு செல்வர்க்கன்றோ?’ என்பாரும் உளர். முருங்கைக் கீரையும் பச்சைப்பயறும் மத்தி மீனும் செல்வர்க்கு மட்டும் உரியனவல்ல. மாறாக, ‘நீரிழிவாளருக்கென’ அச்சிட்டு விற்கப்படும் மாவுகளும் ரொட்டிகளுமே விலை மிக்கன. கருப்பட்டியும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் குருதியைச் சென்றடையும்போது சர்க்கரையே. கேழ்வரகையும் நொய்ய மாவாக்கிக் கூழாகக் குடித்தால் அது விரைந்தே சர்க்கரையை ஏற்றும். ‘இயற்கை’ என்னும் சொல்லைக் கண்டு மயங்குதல் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்சுலினோ, சுரப்பைத் தூண்டும் மாத்திரைகளோ கொள்பவர் மருத்துவரிடம் கூறாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். சிறுநீரகம் நலிந்தவர் புரதத்தைத் தம் விருப்பப்படி கூட்டலாகாது. உணவுமுறையும் மருந்தளவும் ஒருங்கே திருத்தப்பட வேண்டுவன.

நம் சமுதாயத்தில் இவ்வெச்சரிக்கை ரமலான் மாதத்தில் இருமடங்கு பொருந்தும். 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயினரான முஸ்லிம்களில் 79 விழுக்காட்டினர் பதினைந்து நாட்களேனும் நோன்பு நோற்றமையும், கடும் சர்க்கரைத் தாழ்வு அம்மாதத்தில் ஏழு மடங்குக்கு மேல் மிகுந்தமையும் தெரியவந்தன. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. அச்சலுகையை ஏற்பவரைக் குறைவாக மதிப்பது அறியாமை. நோற்க இயன்றவரும் ரமலானுக்கு ஓரிரு மாதங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70 மில்லிகிராமுக்குக் கீழோ 300க்கு மேலோ சென்றால் நோன்பை விடுதல் வேண்டும் என்பது பன்னாட்டு வல்லுநர் வழிகாட்டல். நோன்புக் கஞ்சியில் அரிசியைக் குறைத்துப் பயற்றம்பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டினால் சுவை கெடுவதில்லை. சமோசாவும் சர்பத்துமே நோன்பு துறக்கும் வேளையின் பெருந்தீங்குகள்.

இனி நாம் வலியுறுத்த விழைவது ஒன்றுண்டு. பத்தியம் நோயாளிக்கு மட்டும் என்று நாம் எண்ணுவதே பெருங்குறை. தந்தைக்குத் தனிக்கிண்ணத்தில் உப்புச் சப்பற்ற கஞ்சியும், மற்றவர்க்கு நெய்ச்சோறும் பரிமாறும் வீட்டில், எவ்வுணவுத் திட்டமும் நாற்பது நாள் தாங்காது. அடுப்படியில் வெந்து, அனைவர்க்கும் பரிமாறி, சட்டியில் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு முடிக்கும் தாய்மார்க்கும் இந்நோய் வருகிறது. அவர்க்கெனத் தனிக்கிண்ணம் எடுத்து வைப்பவர் யார்? நோயாளிக்கு நல்லதாகிய காயும் கீரையும் பயறும் பேரப்பிள்ளைக்கும் நல்லதே. ஒரே உலையில், ஒரே உணவு என்பதே வீட்டுக்கேற்ற திட்டம். பெற்றோர்க்கு நோயிருப்பின் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதியாதலின், இப்பத்தியம் பிள்ளைகளுக்கு வருமுன் காப்பும் ஆகும்.

விருந்திலும் இவ்வுணர்வு வேண்டும். ஒரே சகனில் பலர் கூடியமர்ந்து உண்ணும் நம் கடற்கரையூர் வழக்கம் சமத்துவத்தின் சின்னம். அதை இழக்க வேண்டா. ஆயினும் ‘எங்கள் வீட்டில் உண்ணாமல் போவதா?’ என்று வற்புறுத்தி, மறுக்கும் முதியவர் முன் இனிப்பை வைப்பது அன்பின் பெயரால் இழைக்கும் கொடுமை. ‘போதும்’ என்னும் விருந்தினர் சொல்லை ஒருமுறையிலேயே ஏற்பதும் விருந்தோம்பலே. பிரியாணியுடன் ஒரு தட்டு வெள்ளரியும், சர்க்கரையிடாத தேநீரும் பந்தியில் இடம்பெறுமாறு நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் போதும், ஊர் கேட்கும்.

மாணவச் செல்வங்களே! இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நாளில், உங்கள் தாயார் கடைசியாகச் சர்க்கரைச் சோதனை செய்துகொண்டது எப்போது எனக் கேளுங்கள். பின்பு அவருடன் அமர்ந்து, அவர் தட்டில் இருப்பதையே நீங்களும் உண்ணுங்கள்.