அட்டைக்கு எத்தனை வட்டி?

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடன் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வட்டி?" என்பதுதான். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, மூன்று ரூபாய் என்றால் மூன்று வட்டி. ஐந்து வட்டி என்றதும் பலர் எழுந்து வந்துவிடுவார்கள். ஆனால் கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையைத் தருகிறவரிடம் மட்டும் ஏனோ இதை நாம் கேட்பதில்லை. பரிசுக் கூப்பன் உண்டா என்று கேட்கிறோம்.

கேட்டால் என்ன பதில் வரும்? பல அட்டைகளுக்கு வட்டி மாதம் மூன்றரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேரும். நம் ஊர்க் கணக்கில் இது நாலு வட்டிக்கும் மேல்!

கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடை செய்து தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியது நாம் அறிந்ததே. வங்கிகளின் நிலை வேறு. வட்டி அதிகம் என்ற காரணத்திற்காக வங்கிக் கடனை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய முடியாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு. ஆயினும் ஒரு முயற்சி நடந்தது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டிற்கு மேல் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்து செய்தது. வட்டியைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு, ஆணையத்தின் வேலையன்று என்பது அதன் நிலைப்பாடு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். பதினாறு ஆண்டுகள் காத்திருந்த கடனாளிக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை.

பலர் சிக்கிக்கொள்வது 'குறைந்தபட்சத் தொகை' என்ற வரியில்தான். பள்ளிக் கட்டணத்திற்காக அட்டையில் 20,000 ரூபாய் செலவழித்து, அந்த நிலுவையை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து விழுக்காடு, அதாவது 1,000 ரூபாய் கட்டினால் போதும் என்கிறது பட்டியல். மாத வட்டி 700, அதன் மீது வரி 126. ஆக அவர் கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போவது வெறும் 174 ரூபாய்! அதோடு, பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் அட்டையைச் செருகிப் பணம் எடுத்தால், தனிக் கட்டணமும் உண்டு, அன்றே வட்டியும் உண்டு.

மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கோ இதே அட்டை ஒன்றரை மாதம்வரை வட்டியில்லாக் கடன். அப்படிப்பட்டவர் ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையாகப் பார்த்து வாங்கினால் போதும், வட்டி விகிதம் அவரைத் தொடாது. பாக்கி வைக்க நேரிடும் என்று அஞ்சுகிறவருக்கு விகிதமே முக்கியம். வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் அட்டைகளில் சில குறைந்த வட்டிக்குக் கிடைக்கின்றன. உண்மையில் அவருக்கு அட்டையே தேவையா என்பதுதான் என் கேள்வி. அரசு வங்கிகளில் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள் கிடைக்கிறதே!

வட்டியைப் பற்றிய இந்தக் கவலை புதிதன்று. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1745-இல் இதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதியிருக்கிறார்.

விண்ணப்பத்தோடு வட்டியையும் கட்டணங்களையும் ஒரே பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமலே அட்டை அனுப்பக்கூடாது என்றும், பாக்கியில்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்றும் அதே விதிகள் கூறின. மூடச் சொல்லும்போது அதை எழுத்தில் கொடுத்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.