பங்காளி கடை மோமோ

திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இறங்கி நாகர்கோவில், திருநெல்வேலின்னு போற நம்ம மக்களுக்கு ஒரு கோரிக்கை. இந்த வாட்டி லீவுக்குப் போகும்போது பிள்ளைங்க நூடுல்ஸ் கேட்டா, உடனே ஏசி ஓட்டலுக்கு இழுத்துட்டுப் போகாதீங்க. கழக்கூட்டத்துல டெக்னோபார்க் பக்கம் ஆவி பறக்க நிக்கிற சின்னச் சின்ன மோமோ, நூடுல்ஸ் கடைகள் இருக்கு பாருங்க, அதுல ஒண்ணுல உட்காருங்க. நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், அடுக்கடுக்கா அலுமினிய ஸ்டீமர், சீனச்சட்டியில தடதடன்னு புரளும் நூடுல்ஸ், கண்ணுல தண்ணி வரவைக்கும் சிவப்புச் சட்னி. வீட்டோட வயிறாரச் சாப்பிட்டாலும் பர்ஸ் பெருசா இளைக்காது.

இதைச் சொன்னா ரெண்டு குரல் வரும். வெளிநாட்டுல இருக்கற நம்மாளு, "இதெல்லாம் ஒரிஜினல் சைனீஸே இல்லைங்க"ம்பார். ஊர்ல இருக்கற சித்தப்பா, "அந்தப் பங்காளிப் பயலுவ கடையிலயா சாப்பிடுதிய?"ம்பார்.

மொதல்ல ஒரிஜினல் விஷயம். நான் பொழப்பு நடத்துற சிங்கப்பூர்ல மீ கோரெங்னு ஒரு அயிட்டம். சீனர்களோட மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, தக்காளி சாஸ், மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுச் செக்கச்செவேல்னு புரட்டிக் கொடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க? கடல் தாண்டி வந்த நம்ம தமிழ் முஸ்லிம்கள்தான். சீனாவுல போய்த் தேடினா கிடைக்காது. அதை நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிடற நமக்கு, கழக்கூட்டத்துல மட்டும் ஒரிஜினல் வேணுமாக்கும் :-)

மஞ்சூரியன் கதையும் இதேதான். கொல்கத்தாவுல பொறந்த சீன வம்சாவளிக்காரர் நெல்சன் வாங், 1975ல பம்பாய் கிரிக்கெட் கிளப்ல சமைச்சது சிக்கன் மஞ்சூரியன். மஞ்சூரியாவுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அவரோட கொல்கத்தாச் சீனச் சமூகம் பட்ட பாடு நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. 1962 போர் வந்ததும், இந்தியாவுலயே பொறந்து வளர்ந்த சீனக் குடும்பங்கள்ல இருந்து சுமார் 3000 பேரை ராஜஸ்தான்ல தேவ்லி முகாமுக்குக் கொண்டு போய் அடைச்சாங்க. சில பேர் வருஷக்கணக்கா உள்ள இருந்தாங்க. வெளிய வந்தா கடை இல்லை, வீடு இல்லை. கனடாவுக்குக் கிளம்பினவங்க நிறைய. டொராண்டோ நண்பர்களே, நீங்க "ஹக்கா"ன்னு போர்டு பார்த்துப் போய் சில்லி சிக்கன் சாப்பிடறீங்களே, அந்தக் கடைகளோட வேர் கொல்கத்தாவுலதான்.

மோமோ இன்னும் வேற. அது திபெத், நேபாளச் சமாச்சாரம், போர்டுலதான் சைனீஸ். போன தடவை நான் சாப்பிட்ட கடையில மாவை மடிச்சுக்கிட்டிருந்த பையன் டார்ஜிலிங் பக்கம். "எங்க வீட்டுல சட்னி இவ்ளோ காரம் கிடையாது சேட்டா, இங்க உள்ளவங்களுக்குப் பத்தமாட்டேங்குது"ன்னான், சரளமா மலையாளத்துல. வந்து ரெண்டு வருஷம்தானாம். நான் இங்க பதினோரு வருஷமா இருக்கேன், சீனத்துல எண்ணக்கூடத் தெரியாது.

இப்ப சித்தப்பாவுக்கு வருவோம். கேரளாவுல அஸ்ஸாமோ ஒடிசாவோ நேபாளமோ, யார் வந்தாலும் பேரு பங்காளி. பெங்காலியைத்தான் அப்படிச் சொல்றாங்க. தமிழ்ல பங்காளின்னா சொத்துல பங்கு உள்ளவன்னு இவங்களுக்கு யாராவது சொல்லணும். குலாட்டி இன்ஸ்டிடியூட் 2013ல எடுத்த கணக்குப்படி கேரளாவுல வெளிமாநிலத் தொழிலாளிகள் 25 லட்சம் பேர். இவங்க வர்றதுக்கு முன்னாடி அங்க செங்கல் சுமந்தது, கிணறு வெட்டினது, ரோடு போட்டது யாரு? நம்மாளுங்க. அப்ப நம்ம பேரு "பாண்டி". அந்தச் சொல்லை எந்தத் தொனியில சொல்லுவாங்கன்னு சித்தப்பா வயசுக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். அவங்க வாயில இருந்தே இன்னிக்கு இது வரும்போதுதான் எனக்குப் பொறுக்கலை.

சுத்தம் பத்திக் கேளுங்க, கட்டாயம் கேளுங்க. ஓட்டல் ஊழியர்களுக்கு ஹெல்த் கார்டு வேணும்னு கேரள அரசு 2023ல கட்டாயமாக்குச்சு. பச்சை முட்டை மயோனைஸுக்கும் அதே வருஷம் தடை. உணவுப் பாதுகாப்புப் பதிவு மாட்டியிருக்கான்னு பாருங்க, மயோனைஸ் எதுல செஞ்சதுன்னு விசாரிங்க. ஆனா அதே கேள்வியை ஏசி ஓட்டல்லயும் கேக்கணும். இங்க சமையல் கண்ணுக்கு எதிர்லயாவது நடக்குது, அங்க அடுக்களைக் கதவு மூடியில்ல இருக்கு!

சீனா நமக்கு அந்நியம்னும் சொல்லாதீங்க மக்கா. திருவனந்தபுரத்துக்கு வடக்க இருக்கற கொல்லத்துக்குச் சீனக் கப்பல் வந்ததை 14ஆம் நூற்றாண்டுலயே இப்னு பதூதா எழுதி வச்சிருக்கார். 2014ல கொல்லம் துறைமுகத்தைத் தூர் வாரினப்போ சீனக் காசும் பீங்கான் துண்டும் கிடைச்சுது. நம்ம வீட்டு அடுப்புல இருக்கற சீனச்சட்டி, டப்பாவுல இருக்கற சீனி, ஊறுகாய் போடற சீன பரணி, எல்லாம் பேர்லயே ஊரைச் சொல்லுது.

போனீங்கன்னா வெஜ் மோமோவை ஆவியில வெந்ததா கேளுங்க, பொரிச்சது வேணாம். அப்படியே அந்தப் பையன்கிட்ட எந்த ஊருன்னும் கேளுங்க. நம்மகிட்ட யாராவது அதைக் கேட்டா எவ்ளோ நேரம் பேசுவோம்!

பி.கு: மோமோவை "சீனாக்காரன் கொழுக்கட்டை"ன்னு சொல்லி எங்க ஆச்சிக்கு ஒண்ணு கொடுத்தேன். கடிச்சுப் பார்த்துட்டு, "பூரணத்துல சீனி போட மறந்துட்டானா பாவி"ன்னாங்க.