விதைநெல்லைக் குற்றிச் சோறாக்கலாமா?

வரவுக்கு மேற் செலவு மிஞ்சிய குடும்பத்திலே எந்தச் செலவை முதலில் வெட்டுவது என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆடம்பரத்தை வெட்டுவோர் உண்டு. கொண்டாட்டத்தை வெட்டுவோர் உண்டு. பிள்ளைகளின் படிப்பையே முதலில் வெட்டுவோம் என்று துணியும் குடும்பத் தலைவனை ஊர் என்ன சொல்லும்? ஆயினும் இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டக் கழகங்களிலே அந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. முதலணி வீரர்க்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடாயிருக்க, ஒன்பது வயதுச் சிறுவர்க்குப் பந்து பழக்க ஆண்டுதோறும் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமையா என்று கேட்கிறார்கள். அக்கடமி எனப்படும் இளைஞர் பயிற்சிக்கூடத்தை மூடிவிட்டால், மிஞ்சும் பணத்தில் நல்ல வீரர் இருவரை வாங்கலாமே என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு முழுப் பொய்யென்று நாம் கூற வரவில்லை. அது அரைக் கணக்கு என்பதே நம் வாதம்.

மூடவேண்டும் என்போரின் நியாயத்தை முதலிற் கேட்போம். ஒரு காலத்திலே, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அப்பாலுள்ள பள்ளிச் சிறுவனைப் பெருங்கழகம் தன் கூடத்திற் சேர்க்க முடியாது. சிறு நகரத்துப் பிள்ளை சிறு நகரத்துக் கழகத்திலேயே வளர அந்த வேலி காவலாயிருந்தது. பிரிமியர் லீக் வகுத்த புதிய திட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தபோது வேலி பிடுங்கப்பட்டது. பயிற்சிக்கூடங்கள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. பள்ளிச் சிறுவன் ஒருவனை மற்றொரு கழகம் கொண்டுசென்றால் வளர்த்த கழகத்துக்குச் சேரவேண்டிய இழப்பீட்டுக்கும் விலைப்பட்டியல் போடப்பட்டது. 9 வயது முதல் 11 வயது வரை வளர்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 பவுண். 12 முதல் 16 வரை, கூடத்தின் தரத்துக்கேற்ப ஆண்டுக்கு 12,500 முதல் 40,000 பவுண் வரை. அவன் பிற்காலத்தில் முதலணியில் ஆடினால் மேலும் சில தொகைகள் உண்டு. பெருங்கழகத்துக்கு இது சில்லறைக் காசு. சிறு கழகத்துக்கோ, கண்ணின் மணிபோல் வளர்த்த பிள்ளையின் விலை.

இத்திட்டம் 2011 அக்டோபரில் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் எழுபத்திரண்டின் வாக்குக்கு விடப்பட்டது. 46 கழகங்கள் ஆதரித்தன, 22 எதிர்த்தன. மறுத்தால் மேலிருந்து வரும் பயிற்சிப் பணம் நின்றுவிடும் என்ற அச்சம் தலைக்குமேல் தொங்க, அவ்வாக்கு நடந்தது. எண்ணிக்கை வென்றது. ஆனால் பணம் கொடுப்பவன் பார்த்துக்கொண்டு நிற்கக் கையுயர்த்துபவனின் சம்மதம் எத்துணைச் சுதந்திரமானது என்பதை வாசகர்கள் தாமே நிறுத்துப் பார்க்கலாம்.

விளைவு விரைவிலே தெரிந்தது. வைக்கொம் வொண்டரர்ஸ் கழகம் 2012இல் தன் கூடத்தை மூடியது. மேற்கு இலண்டனின் பிரென்ற்போட் கழகம் 2016இல் மூடியது. அதன் வளர்ப்பில் நின்ற இளைஞர் இருவர் மன்செஸ்ரரின் இரு பெருங்கழகங்களுக்கும் பெயர்ந்தபோது, தலைக்குச் சுமார் 30,000 பவுணே அதற்குக் கிடைத்தது. வளர்ப்பது நாம், அறுப்பது பிறர் என்றால் விதைப்பதேன் என்று பிரென்ற்போட் கேட்டது. பிறர் கழித்துவிட்ட பதினேழு, பதினெட்டு வயது இளைஞரைத் திரட்டி ‘பி’ அணி ஒன்றை அமைத்தது. வீரரைத் தேர்ந்து வாங்குவதிலே தன் மதிநுட்பத்தைச் செலுத்தியது. 2021இல் பிரிமியர் லீக்குக்கும் ஏறியது. பார்த்தீர்களா, மூடியவர் வென்றார் என்பது மறுதரப்பின் முரசொலி.

முரசொலி அடங்கட்டும், கணக்கின் மறு பக்கத்தைப் புரட்டுவோம். கூடத்தை மூடிய மறு ஆண்டு, 2017இல், பிரென்ற்போட் ஓர் இளைஞனைச் சுமார் 18 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. மூன்றாண்டு கழித்து, 2020இல், அவனை அஸ்ரன் வில்லாக் கழகத்துக்குச் சுமார் 2 கோடி 80 இலட்சம் பவுணுக்கு விற்றது. அவன் பெயர் ஒல்லி வொற்கின்ஸ். 2024 யூலை 10ஆந் திகதி, ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியிலே, ஆட்டம் முடியும் தறுவாயில் நெதர்லாந்துக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்து இங்கிலாந்தை இறுதியாட்டத்துக்குக் கொண்டுசென்றவனும் அவனே.

அவனை வளர்த்தது யார்? பயிற்சிக்கூடத்தை மூடாத எக்செற்றர் சிற்றி! இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் மாவட்டத்திலுள்ள சிறு கழகம் அது. ஒன்பது வயதில் ஒருமுறை விலக்கப்பட்டுப் பின்னரே அங்கு ஏற்கப்பட்டவன் வொற்கின்ஸ். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். எல்லாப் பயிரும் அப்படியன்று. சில பயிருக்குப் பொறுமையுள்ள உழவன் வேண்டும். பதினெட்டு வயதளவில் அவனை ஆறாம் படியிலிருந்த வெஸ்ரன் கழகத்துக்கு இரவலாக அனுப்பி, அடிபட்டு ஆடப் பழக்கி, திரும்ப அழைத்து முதலணியில் இடமும் கொடுத்தது எக்செற்றர். விற்றபோது, பின்னொரு நாள் அவன் மறுபடி விலைபோனால் தனக்கும் பங்கு வேண்டுமென்று உடன்படிக்கையில் எழுதிக்கொண்டது. அப்பங்கும் 2020இல் வந்து சேர்ந்தது.

ஆகவே மூடிய கழகத்தின் வெற்றியிலே மூடாத கழகத்தின் உழைப்பும் கலந்திருக்கிறது. பிறர் நாற்றுமேடையிலிருந்து நாற்று வாங்கி நடுபவன் நல்ல விளைச்சல் காணலாம், அதிலே குற்றமில்லை. ஆனால் ஊரார் எல்லோரும் அவனைப் பார்த்து நாற்றுமேடையை அழித்தால், அடுத்த போகத்துக்கு நாற்று எங்கே? பிரென்ற்போட்டின் வழி ஒருவர் நடக்கக்கூடிய வழி. எல்லோரும் நடக்கக்கூடிய வழியன்று. அதுமட்டுமோ? அதே பிரென்ற்போட் 2022இல் தன் பயிற்சிக்கூடத்தை மீண்டும் திறந்தது. பிரிமியர் லீக்கின் விதியும் அதற்கொரு காரணந்தான். ஆயினும் மூடலுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட கழகமே திறந்துவிட்டபின், அந்தச் சான்றை இன்னும் தூக்கிச் சுமப்பது பொருந்துமா?

எக்செற்றரின் வரலாறு மற்றொன்றையும் புகட்டுகிறது. 2003இல் லீக்கிலிருந்தே விழுந்து, கடனில் மூழ்கிக் கிடந்த அக்கழகத்தை அதன் ஆதரவாளர் சங்கமே பொறுப்பேற்றது. பணக்கார முதலாளி எவனும் பின்னால் நிற்கவில்லை. அந்நிலையிலும் கூடத்தைக் காத்தார்கள். அங்கே வளர்ந்த மற் கிறைம்ஸ் 2015இல் சுவான்சீக்குச் சென்றான். பதினைந்து வயதிலேயே முதலணியில் ஆடிய ஈதன் அம்படு 2017இல் செல்சிக்குச் சென்றான். அவர்களால் வந்த பணம் கழகத்துக்குத் தூணாயிற்று. கொடையாளி இல்லாத கழகத்துக்குப் பயிற்சிக்கூடமே பரம்பரைச் சொத்து.

கிறூ அலெக்சாந்திராவையும் நோக்குக. புகையிரதச் சந்தியால் பெயர்பெற்ற சிறிய ஊர் அது. 2013 ஏப்ரல் 27ஆந் திகதி வோல்சலுக்கு எதிராக அக்கழகம் இறக்கிய பதினொருவரும் அதன் கூடத்திலே பயின்றவர்கள். 2–0 என வென்றார்கள். அன்று மைதானத்திலிருந்த தகப்பனுக்கு, அங்கே ஆடியவன் விலைக்கு வாங்கிய அந்நியன் அல்லன். தன் பிள்ளையோடு பந்துதைத்த பிள்ளை. இந்த உறவை எந்தக் கணக்கேட்டின் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆனால் கிறூவின் பெயரைச் சொல்லும்போதே கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு காலத்தில் சிறுவரைப் பயிற்றிய ஒருவன், பல சிறுவர்களைப் பாலியற் கொடுமைக்கு ஆளாக்கியமைக்காக 2018இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றான். சிறுவர் நலனைக் கண்காணிக்கக் கழகம் மேலும் செய்திருக்க வேண்டும் என்று 2021இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. விற்பனைத் தொகையையும் வெற்றிக் கோலையும் மட்டும் எண்ணுவோர் இதனை மறந்துவிடக்கூடாது. பெற்றோர் ஒப்படைப்பது சரக்கை அல்ல, பிள்ளையை.

எனவே கூடம் இருக்கட்டும் என்று மட்டும் நாம் சொல்லவில்லை. எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறோம். முதலாவது, பிள்ளையின் பாதுகாப்பு கழகத்தின் தயவில் விடப்படாது, வெளியார் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒன்பது வயதில் நுழைவோரிற் மிகச் சிலரே தொழில்முறை வீரராவர் என்ற உண்மையைத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் ஒளிக்காது கூறவேண்டும். பந்து கைவிட்டாலும் படிப்பு கைகொடுக்கும்படி பள்ளிக் கல்வியைக் காக்க வேண்டும். மூன்றாவது, வளர்த்தவனின் உழைப்புக்கு நியாயமான விலை கிடைக்கும்படி இழப்பீட்டு விதிகள் திருத்தப்படவேண்டும். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல், பதினெட்டு வயதுக்குட்பட்ட வெளிநாட்டு வீரரை அந்நாட்டுக் கழகங்கள் சேர்க்க முடியாது. பெருங்கழகங்களின் கண் உள்நாட்டுச் சிறுவர்மீது முன்னிலும் கூர்மையாகப் படிந்திருக்கும் வேளை இது. சிறு கழகங்கள் ஒன்றுபட்டு உரிமை கேட்கவேண்டிய வேளையும் இதுவே.

இடம் அறிந்து செயல்படுதலும் வேண்டும். பெருங்கழகங்கள் சூழ்ந்த இலண்டனிலே ஒரு கழகம் நாலாந்தரக் கூடத்தைப் பெரிய பிள்ளைகளோடு மட்டும் நடத்துவது விவேகமாகலாம். பெருங்கழகங்கள் சூழாத டெவனிலே அதையே செய்வது பேதைமை. செலவைச் சுருக்குவது வேறு. வேரை அறுப்பது வேறு.

வாங்கிய வீரன் இரண்டாண்டில் போய்விடுவான். கொடுத்த சம்பளமும் அவனோடு போய்விடும். பயிற்சிக்கூடம் ஒருமுறை கலைந்தால், பயிற்றுநரும், ஊர்ப் பள்ளிகளோடிருந்த தொடர்பும், பெற்றோரின் நம்பிக்கையும் சிதறிப்போகும். அவற்றைத் திரும்பக் கூட்டப் பல ஆண்டுகள் வேண்டும். பஞ்சம் வந்த ஆண்டிலும் விதைநெல்லைக் கோர்க்காலியில் பூட்டிவைத்த உழவன் முட்டாள் அல்லன். அவன் வயிறு அன்று காய்ந்தது. அவன் வயல் காயவில்லை. கீழ்ப்பிரிவுக் கழகங்களின் நிருவாகிகள் வரவுசெலவுத் திட்டத்தைக் கையிலெடுக்கும்போது இதனை நினைப்பார்களாக!