நாமகிரித் தாயாரும் முதன்மை எண்களும்

கண்டியிலும் கலஹா, தெல்தோட்டைத் தோட்டப் பகுதிகளிலும் நான் சென்ற பரிசளிப்பு விழாக்களில் கணிதமேதை ராமானுஜனின் பெயரை அடிக்கடி கேட்டிருக்கிறேன். நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டிருக்கும் தோட்டத் தொழிலாளியின் மகள் என்ன முடிவுக்கு வருவாள்? கணிதம் அருள்பெற்றோர்க்கு உரியது, தனக்கு உரியதன்று என்றுதான்.

அவளுக்குச் சொல்லவேண்டிய கதை வேறு.

1913 ஜனவரி 16ஆம் திகதி ராமானுஜன் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். குறித்த ஓர் எண்ணுக்குள் எத்தனை முதன்மை எண்கள் (தமிழகத்தார் பகா எண்கள் என்பர்) உள்ளன என்பதை மிக நெருக்கமாகத் தரும் சூத்திரத்தைக் கண்டதாகவும், பிழை பொருட்படுத்தத் தக்கதன்று என்றும் அதில் தெரிவித்தார். சிறிய எண்களுக்கு அது வியப்பூட்டும் வகையில் பொருந்தியது. எண்கள் பெருகுமிடத்துப் பிழையும் அவர் கூறிய எல்லையை மீறும் என்பதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர்.

பல இடங்களில் சரிவந்தது எங்கும் சரிவரும் என நம்புவது மனித இயல்பு. பத்து இலட்சத்துக்குள் 78,498 முதன்மை எண்கள் உள்ளன. மடக்கையைக் கொண்டு கவுஸ் வகுத்த மதிப்பீடு ஏறக்குறைய 130 கூடுதலாகத் தருகிறது. கணக்கிட்டுப் பார்த்த பெரிய எண்கள் அனைத்திலும் மதிப்பீடே மிகுந்திருந்தது. ஆயினும் இந்நிலை முடிவின்றி மாறிமாறித் தலைகீழாகும் என 1914இல் லிட்டில்வுட் நிறுவினார். அம்முதல் மாற்றத்தை இன்றைய கணினிகளும் எண்ணி எட்டவில்லை.

ராமானுஜன் சோர்ந்துவிடவில்லை. கேம்பிரிட்ஜில் நிறுவலின் ஒழுங்கைக் கற்றார். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு முதன்மை எண்ணேனும் உண்டு என்பதைச் செபிஷேவ் 1852இல் நிறுவியிருந்தார். அதற்கு மிகச் சுருக்கமான நிறுவலொன்றை 1919இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் ராமானுஜன் வெளியிட்டார். அத்தோடு நில்லாது, 11 முதல் எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரை குறைந்தது இரண்டு முதன்மை எண்கள் இருக்கும் என்றும் காட்டினார்.

அவருடைய பக்தியை நான் குறைத்துரைக்கவில்லை. எனினும் கனவை மட்டும் சொல்லிக் கடிதத்தின் பிழையையும் பின்வந்த உழைப்பையும் மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. ஹந்தானை மலையடிவாரத்தில், பேராதனையில், 1952 முதல் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. தேயிலை மலையிலிருந்து அங்கே செல்லும் தூரம் சிறிது. கணிதம் கற்றுக்கொள்ளக் கூடியதே என்று நம்பும் பிள்ளைதான் அத்தூரத்தைக் கடப்பாள். அடுத்த விழாவில் பேசுவோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.