காணி வாங்கிய இறைவாக்கினர்

இறைவாக்கு என்றதும், நாளை நடப்பதை முன்கூட்டிச் சொல்வது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ‘எப்போது ஊர் திரும்புவோம்?’ என்று ஏங்குவோருக்குத் திகதி குறித்துச் சொல்பவரே பெரிய இறைவாக்கினராகத் தெரிவார்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்களும் இவ்வாறே ஏங்கினர். இரண்டு ஆண்டுகளில் எல்லாம் சரியாகும் என்றார் அனனியா. அது மக்களுக்கு இனித்தது. எரேமியாவோ 70 ஆண்டுகள் செல்லும் என்றார். இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் செய்து உண்ணுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று கடிதம் எழுதினார். அது கசந்தது. ஆனால் அவர் சொன்னதே உண்மையாயிற்று.

எனினும் அவர் ஊரை மறக்கச் சொல்லவில்லை. கி.மு. 587 அளவில் எருசலேம் முற்றுகைக்குள் இருந்தது. காவலில் கிடந்த எரேமியா, தம் சொந்த ஊராகிய அனத்தோத்தில் உறவினரின் காணியை 17 வெள்ளிக்காசுக்கு வாங்கினார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் செய்தார். பகைவர் கைப்பட்ட நாட்டில் காணி வாங்கியதே அவரது விசுவாச அறிக்கை.

இறைவாக்கைப் புறக்கணிக்காமல், சோதித்து அறிந்து, நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி புனித பவுல் தெசலோனிக்கருக்கு அறிவுறுத்துகிறார். நாம் சோதிக்க ஒரு வழி உண்டு: கேட்ட வார்த்தை நம்மைக் கைகட்டிக் காத்திருக்க வைக்கிறதா, மண்வெட்டியை எடுக்க வைக்கிறதா?

ஆகவே, இருக்கும் இடத்தில் நாலு கத்தரிக் கன்றாவது நடுவோம். அயலவரோடு சேர்ந்து கிணற்றைத் துப்புரவாக்குவோம். காணி உறுதியைப் பேணுவோம்; தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்போம். காணியின் நான்கு எல்லைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். இறைவாக்குக்கு நாம் அளிக்கும் ஆமென் இதுவே.