விளையாட்டில் அரசியல் வேண்டாமாம்!

"விளையாட்டை விளையாட்டாகப் பார், அதில் அரசியலைக் கலக்காதே!" என்று நமக்கு ஓயாமல் உபதேசம் நடக்கிறது. டெலிவிஷனில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கும் கனவான்கள் சொல்கிறார்கள். முதலாளிகளின் பத்திரிகைகள் எழுதுகின்றன. டீக்கடையில் நம் பக்கத்து பெஞ்சுக்காரரும் அதையே ஒப்பிக்கிறார்.

நல்லது. 2023ஆம் ஆண்டை எடுத்துக் கொள்வோம். அந்த ஓராண்டில் கிரிக்கெட், மல்யுத்தம், ஹாக்கி, ஓட்டப் பந்தயம், சதுரங்கம் என்று ஒன்று விடாமல் பார்த்தவர்கள் நாம். நைட் ஷிப்ட் முடிந்து கண் எரிய எரியப் பார்த்தோம். நடவு முடிந்து வந்து, சேறு காயாத காலோடு ஒரே செல்போனைச் சுற்றி ஆறு பேர் நின்று பார்த்தோம். ஆகவே, அரசியலைக் கலந்தது யார் என்று சொல்ல நமக்கு யோக்கியதை உண்டு.

அந்த ஆண்டு மே 28, ஞாயிற்றுக்கிழமை. டெல்லியில் புதிய பார்லிமெண்ட் கட்டிடத்தைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து ஆதீனங்கள் போயிருந்தார்கள். செங்கோல் வைக்கப்பட்டது. செங்கோல் என்றால் வளையாத நீதி என்று நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அதே காலை நேரத்தில், அந்தக் கட்டிடத்தை நோக்கி நடந்த மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் தரையில் இழுத்துப் போய் வண்டியில் ஏற்றியது. வினேஷ் போகாட், சங்கீதா போகாட், சாக்‌ஷி மாலிக். நாட்டுக்காகக் களத்தில் இறங்கி மெடல் வாங்கி வந்தவர்கள்! ஜந்தர் மந்தரில் ஏப்ரல் 23 முதல் அவர்கள் படுத்திருந்த பந்தலும் பாயும் பிடுங்கி எறியப்பட்டன. கலகம் செய்ததாக அவர்கள் மீதே வழக்கு!

அவர்கள் கேட்டது என்ன? பெண் வீராங்கனைகளிடம் தகாத முறையில் நடந்ததாக மல்யுத்த சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது புகார் கொடுத்தார்கள். அதை விசாரியுங்கள் என்றார்கள். அவ்வளவுதான். அவர் அப்போது ஆளும் கட்சியின் பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்தார். புகாரைப் பதிவு செய்யவே சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்து வருகிறார். 2024 மே மாதம் டெல்லிக் கோர்ட் அவர் மீது குற்றச்சாட்டுகளை வனைந்தது. தீர்ப்பு சொல்வது கோர்ட்டின் வேலை. ஆனால் மே 28 அன்று புகார் கொடுத்தவர்கள் போலீஸ் வண்டியில் இருந்தார்கள். புகாருக்கு ஆளானவர் புதிய பார்லிமெண்டுக்குள் விழாவில் இருந்தார். இதை மட்டும் நாம் மறக்க முடியாது.

அதே ஞாயிறு மாலை ஆமதாபாத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடப்பதாக இருந்தது. மழை! ஆட்டம் மறுநாளுக்குப் போயிற்று. மறுநாளும் மழை குறுக்கிட்டு, மே 30 விடிவதற்குச் சில மணி நேரம் இருக்கும்போதுதான் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்தார். சென்னை அணி கோப்பையை வென்றது. உண்மையைச் சொல்கிறோம், நாமும் கத்தினோம். எதிரணிக்காக ஆடி 96 ரன் எடுத்த சாய் சுதர்சனும் நம் சென்னைப் பையன்தான் என்று இரட்டைச் சந்தோஷம். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுதது.

அன்று மாலை அந்த வீராங்கனைகள் ஹரித்துவாரில் கங்கைக் கரையில் நின்றார்கள், தங்கள் மெடல்களை ஆற்றில் எறிவதற்காக. விவசாயிகள் தலைவர் நரேஷ் டிகாயத் வந்து தடுத்து, ஐந்து நாள் அவகாசம் கேட்டு, மெடல்களை வாங்கிக் கொண்டார். விடியற்காலையில் கோப்பை, மாலையில் கங்கைக் கரை! ஒரே தேதி. சந்தோஷத்தில் கத்திய அதே தொண்டையில் இதுவும் வந்து அடைத்தது.

நம் தோழர்களிலேயே சிலர் இந்த இடத்தில் ஏளனமாகச் சிரிக்கிறார்கள். "கிரிக்கெட் பார்த்துக் கூத்தடித்தால் கூலி உயருமா?" என்கிறார்கள். உயராது, ஐயா. ஆனால் எட்டு மணி நேரம் ராட்டைக்கும் வரப்புக்கும் உடம்பைக் கொடுத்தவனுக்கு ஒரு ஆட்டத்தைப் பார்த்து மகிழும் உரிமையும் இல்லையா? மகிழ்ச்சி பணக்காரன் சொத்தா? இந்த ஏளனத்தை நாம் ஏற்கவில்லை. நம் ஆத்திரமெல்லாம் அந்த மகிழ்ச்சியைக் கடைச்சரக்காக்கி நம்மிடமே விற்பவர்கள் மீதுதான்.

கணக்கைப் பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்கு 9,678 கோடி. இந்திய சர்க்கார் 2023-24 பட்ஜெட்டில் இளைஞர் நலம், விளையாட்டு இலாகா முழுவதற்கும் ஒதுக்கியது 3,397 கோடி. நாடு முழுவதும் உள்ள எல்லா விளையாட்டுக்கும் கொடுத்ததைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, இரண்டு மாத ஆட்டத்தைக் காட்டும் உரிமைக்கு! அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. சோப்பிலும் சர்பத்திலும் சிமெண்டிலும் விளம்பரச் செலவாக ஏறி, நம் மடியிலிருந்துதான் போகிறது. அந்த ஆண்டு ரிலையன்ஸ் கூட்டத்தின் ஜியோ சினிமாவில் "இலவசமாக" ஆட்டம் காட்டினார்கள். எலிப்பொறியில் வைத்த கருவாட்டுத் துண்டும் இலவசம்தான்.

இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் யாருடையவை? சென்னை அணி 2008இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி வாங்கியது. குஜராத் அணியை 2021இல் சி.வி.சி. என்ற அந்நிய முதலீட்டுக் கம்பெனி 5,625 கோடிக்கு வாங்கியது. நாம் "நம்ம ஊர், நம்ம ஊர்" என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். ஊர் பெயர் மட்டுமே நம்முடையது.

ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. 2023 பருவத்துக்கு இங்கிலாந்துக்காரர் சாம் கரன் 18 கோடியே 50 லட்சத்துக்குப் போனார். அவர் மீது நமக்குப் பகையில்லை. அவரும் உடம்பை விற்றுப் பிழைப்பவரே. ஆனால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி தினம் 294 ரூபாய். ஆண்டுக்கு நூறு நாள் தவறாமல் வேலை கிடைத்தாலும், அந்தத் தொகையைச் சம்பாதிக்க 6,292 ஆண்டுகள் ஆகும். மொகஞ்சதாரோ நகரம் எழும்புவதற்கு முன்பே நம் அக்காள் மண்வெட்டியை எடுத்துக் கொண்டு புறப்பட்டிருக்க வேண்டும்!

இதோடு சூதாட்டம் வேறு. 2023 ஜூலை முதல் இந்திய அணியின் சட்டையில் மார்புக்கு நேரே ட்ரீம்11 என்ற பெயர் ஏறியது. அணியை ஊகித்துப் பணம் கட்டு என்று அழைத்த கம்பெனி. சம்பள நாளன்று வீடு போய்ச் சேராத கூலி எத்தனை என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் போட்டுப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. அதுவரை தேசியச் சட்டையில் அதைத் தாங்க விட்டவர்களை யார் கேட்டார்கள்?

இனி வேறு ஆட்டங்களுக்கு வருவோம். ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசிய ஹாக்கி இறுதியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று வென்றார்கள். சபாஷ்! பதினெட்டு வயதுப் பிரக்ஞானந்தா பாகுவில் உலகக் கோப்பை இறுதி வரை போய் கார்ல்சனோடு மோதினான். பிறகு சீனாவில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு: 28 தங்கம், மொத்தம் 107 மெடல். அதற்கு முன் இவ்வளவு வந்ததில்லை.

அந்த 107இல் ஒன்று 35 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில் மஞ்சு ராணியும் ராம் பாபூவும் சேர்ந்து வாங்கிய வெண்கலம். இந்த ராம் பாபூ உத்தரப் பிரதேசத்து சோன்பத்ரா ஜில்லாக்காரர். வாரணாசியில் ஓட்டல் சர்வராக இருந்தவர். கொரோனா முடக்கத்தின்போது நூறு நாள் வேலைக்குப் போனவர். ஆம், நம் கூட மண் சுமந்த ஆள்! இறுதித் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நால்வரில் ராஜேஷ் ரமேஷ் நம் திருவாரூர் ஜில்லாப் பையன். திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடி, 1984இல் பி.டி. உஷா வைத்த சாதனையைத் தொட்டார். அந்த உஷா அம்மையார்தான் ஒலிம்பிக் சங்கத் தலைவியாக இருந்துகொண்டு, வீராங்கனைகள் தெருவில் உட்கார்ந்ததை ஒழுங்கீனம் என்று ஏப்ரலில் சொன்னவர். பின்னால் பந்தலுக்கு வந்து பார்த்தார். வந்தது நல்லது, சொன்னது சொன்னதுதான்.

ரயில்வேயில் நிரந்தர வேலை இருக்கவே ராஜேஷ் ஓடினார். காண்டிராக்டில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் ஆலையிலிருந்து ஓட்டக்காரன் எப்படி வருவான்? பஞ்சாயத்துப் புறம்போக்கு மைதானம் பிளாட் போட்டு விற்கப்பட்ட ஊரில் பையன் எங்கே பந்து உதைப்பான்? ஊருக்கு ஒரு மைதானம், ஆலைக்கு எட்டு மணி வேலை, சம்மேளனங்களில் ஆடியவர்கள் கையில் நிர்வாகம். இதைக் கேட்டால் அரசியலாம்!

நவம்பர் 19. உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி. அதற்கு முன் பத்து ஆட்டம் பத்தும் வெற்றி. அன்று 240 ரன்னில் இந்திய அணி சுருண்டது, ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்தார், தோற்றோம். இரண்டு நாள் வேலை ஓடவில்லை. அது போகட்டும், ஆட்டத்தில் தோல்வி சகஜம். ஆனால் நடந்த இடத்தின் பெயர் என்ன? நரேந்திர மோடி ஸ்டேடியம்! பதவியில் இருக்கும்போதே தன் பெயர். பந்து வீசும் ஒரு முனைக்கு அதானி பெயர், மறு முனைக்கு ரிலையன்ஸ் பெயர். எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தாலும் ஒரு கோடீஸ்வரன் வாசலிலிருந்துதான் ஓடி வர வேண்டும். தோற்ற ஆட்டக்காரர்களைத் தேற்றப் பிரதமர் அவர்களுடைய அறைக்கே போனார், கேமராவோடு. ஜந்தர் மந்தர் நடைபாதைக்கு அந்தக் கேமரா போகவில்லை.

டிசம்பர் 21. மல்யுத்த சம்மேளனத் தேர்தல். பிரிஜ் பூஷணுக்கு நெருங்கிய சஞ்சய் சிங் 40 ஓட்டு. எதிர்த்து நின்ற அனிதா ஷியோரன் 7 ஓட்டு. மூன்று நாளில் புதிய கமிட்டியை சர்க்கார் நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சில் அந்தத் தடையையும் வாபஸ் வாங்கிக் கொண்டது. 2024 பார்லிமெண்ட் தேர்தலில் தந்தைக்குப் பதில் மகனுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். அவர் கைசர்கஞ்சில் ஜெயித்தும் வந்தார். இதற்கு என்ன பெயர் என்று உபதேசிகளைக் கேட்கிறோம்.

சம்மேளனத் தேர்தல் முடிவு வந்த அன்று சாக்‌ஷி மாலிக் பத்திரிகைக்காரர்கள் முன் வந்து உட்கார்ந்தார். டெல்லி பஸ் கண்டக்டரின் மகள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் மெடல் வாங்கிய முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை. இனி மல்யுத்தம் ஆட மாட்டேன் என்றார். தன் பூட்ஸ் இரண்டையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். அழுதுகொண்டே எழுந்து போனார்.