குண்டு துளைக்காத பலகை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டல்லஹாட்சி ஆற்றங்கரையில் 225 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. துப்பாக்கிக் குண்டு துளைக்காதபடி உருக்கால் செய்தது. அப்படிக் காக்க வேண்டிய ரகசியம் எதுவும் அதில் இல்லை. எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனின் உடல் இந்த ஆற்றில்தான் கிடைத்தது என்கிறது, அவ்வளவுதான். 2008-ல் நட்ட முதல் பலகையை யாரோ பிடுங்கிப் போனார்கள். இரண்டாவதைச் சல்லடையாகச் சுட்டார்கள். 2018-ல் வைத்த மூன்றாவது பலகை 35 நாள்களில் குண்டடி பட்டது. 2019 அக்டோபரில் வைத்த நான்காவதுக்குத்தான் இந்தக் கவசம்.

சிகாகோ சிறுவனான எம்மெட், 1955 ஆகஸ்டில் விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்தான். மனி என்ற சிற்றூரின் மளிகைக் கடையில், கடைக்காரரின் வெள்ளையின மனைவியிடம் துடுக்காக நடந்துகொண்டான் என்பது அவன் மீது சொல்லப்பட்ட பழி. நள்ளிரவில் அவளுடைய கணவன் ராய் பிரையண்டும், அவனுடைய அண்ணன் முறையான மைலமும் வந்து தூக்கிச் சென்றார்கள். அவனைக் கொன்று, பருத்தி ஜின்னிங் ஆலையின் இரும்புக் காற்றாடியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டிருந்தார்கள். கிடைத்த உடலை உள்ளூர் அதிகாரிகள் அங்கேயே அவசரமாகப் புதைத்துவிட முயன்றார்கள். தாய் மேமி டில் விடவில்லை. சிகாகோவுக்கு வரவழைத்து, சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார்.

கொலை வழக்கு நடந்த சம்னர் ஊர் நீதிமன்றத்தில் ஜூரி பன்னிரண்டு பேரும் வெள்ளையின ஆண்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கூடிப் பேசி விடுதலை என்றார்கள். நடுவில் சோடா குடித்திராவிட்டால் அந்த நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகப் பதிவு உண்டு. சில மாதங்களில், 1956 ஜனவரியில், ‘லுக்’ பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு இருவரும் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரணை கிடையாது என்ற தைரியம். அந்தக் கொலைக்காக இருவரும் ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்காமலே செத்தார்கள்.

பலகையைச் சுட்டது பொழுதுபோகாத இளைஞர்களின் விளையாட்டு என்று சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிராமப்புறச் சாலைகளில் எல்லாப் பலகையிலும்தான் குண்டு ஓட்டை இருக்கிறதாம். ஏற்க முடியாது. துளைபட்ட பலகையருகே துப்பாக்கிகளோடு மூன்று பல்கலைக்கழக மாணவர்கள் எடுத்துக்கொண்ட படம் 2019-ல் வெளியானது. வேகத்தடைப் பலகையருகே யாரும் அப்படிப் படம் எடுத்துக்கொள்வதில்லை. பிணத்தை மீண்டும் அடிக்கும் செயல் இது.

ஆனால் சுட்டவர்களோடு குற்றப்பத்திரிகை முடிந்துவிடக் கூடாது. எம்மெட் நுழைந்த அந்த மளிகைக் கடை, பின்னாளில் அதே ஜூரியில் இருந்த ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமானது. கூரை விழுந்து, சுவரில் கொடி படர்ந்து, பல பத்தாண்டுகளாகச் சிதைந்துகொண்டே வந்தது. பக்கத்திலேயே அதே குடும்பத்தின் பழைய பெட்ரோல் பங்க். கொலையோடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. என்றாலும், சிவில் உரிமைப் போராட்ட இடங்களைக் காப்பதற்கென்றே மிசிசிப்பி அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து 2 லட்சம் டாலருக்கு மேல் பெற்று பளபளவென்று புதுப்பிக்கப்பட்டது அந்தப் பங்க்தான். கொலையின் பெயரால் வாங்கிய பணம் அந்தக் காலத்து அழகைக் காட்டப் போனது. இரவில் வந்து சுடுகிறவன் சட்டத்துக்குப் பயந்து ஒளிகிறான். இங்கே கோப்பில் கையெழுத்தே ஆகியிருக்கிறது. எங்கள் பார்வையில் இதுதான் பெரிய குற்றம்.

2005-ல் ஒரு நெடுஞ்சாலைப் பகுதிக்கு எம்மெட்டின் பெயர் வைக்கும் வரை, சுமார் ஐம்பது ஆண்டுகள், அந்த மண்ணில் அவனுக்கு ஒரு பலகைகூட இல்லை. பழையதைக் கிளறாதே என்றவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. அதை உடைத்தவர்களும் அந்த மாவட்டத்து மக்களே. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்த குழு 2007-ல் அதே சம்னர் நீதிமன்ற வாசலில் நின்று, நீதி தவறியது என்று பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. பலகைகளை நட்டதும், பறிபோனபோது மறுபடி நட்டதும் இந்தக் குழுதான். இந்தக் கதையில் மரியாதைக்குரியவர்கள் மேமி டில்லும் இவர்களும்.

குண்டு துளைத்த பலகை 2021-ல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. 2023-ல் ஆற்றங்கரையும் நீதிமன்றமும் எம்மெட்டின் இறுதிச் சடங்கு நடந்த சிகாகோ தேவாலயமும் தேசிய நினைவுச் சின்னமாயின. நல்லது. ஆயினும், வாஷிங்டனில் கண்ணாடிக்குள் பத்திரப்படுத்துவது எளிது. குற்றம் நடந்த ஊரில் காப்பதுதான் கடினம். பெட்ரோல் பங்குக்குக் கொடுக்கப் பணமிருந்த மாநில அரசுக்கு அந்தக் கடையைக் கையகப்படுத்தவும் பணம் உண்டு. மிஞ்சிய சுவர்களை இடியாமல் நிறுத்தி, அங்கே நடந்ததைக் கொலைகாரர்களின் பெயரோடும் தீர்ப்பின் விவரத்தோடும் எழுதி வைக்க வேண்டியது மிசிசிப்பி அரசின் கடமை.